சாம்பலுக்கு எங்கே கல்லறை?

எரியூட்டப்பட்ட படைவீரனுக்கு ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் இடம் உண்டா? பதில், அவன் இறந்த தேதியையும் அவன் பெயர் இருந்த பதிவேட்டையும் பொறுத்தது.

பட்டான்செருவில் நெடுஞ்சாலை ஓரமாக நின்றால் லாரிகளும் மருந்துத் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பஸ்களும்தான் கண்ணில் படும். முன்பு தேசிய நெடுஞ்சாலை 9 என்றும் இப்போது 65 என்றும் பெயர் கொண்ட இந்தச் சாலை, புனேயில் கிளம்பி சோலாப்பூர், ஜஹீராபாத், பட்டான்செரு வழியாக ஹைதராபாத்தைத் தொட்டு, சூர்யாபேட்டை, விஜயவாடா என்று போய் மசூலிப்பட்டினத்தில் கடலோரம் முடிகிறது. 1948 செப்டம்பரில் மேஜர் ஜெனரல் ஜெ.என். சௌத்ரியின் டாங்குப் படை சோலாப்பூரிலிருந்து இந்தச் சாலை வழியாகத்தான் ஹைதராபாத்தை நோக்கி முன்னேறியது. 18-ம் தேதி நிஜாமின் தளபதி எல் எத்ரூஸ் அவரிடம் சரணடைந்தார். அதற்குப் பெயர் என்னவோ 'போலீஸ் நடவடிக்கை'. போனது டாங்குகள்.

அந்த நடவடிக்கையின் முதல் நாளான செப்டம்பர் 13-ம் தேதி, இதே சாலையில் சோலாப்பூர்ப் பக்கம் இருக்கும் நல்துர்க்கில், சீக்கியப் படைப்பிரிவின் இரண்டாவது பட்டாலியனைச் சேர்ந்த ஹவில்தார் பச்சித்தர் சிங் உயிரிழந்தார். தொடையில் குண்டு பாய்ந்த பிறகும் தவழ்ந்து போய்க் கையெறி குண்டு வீசி எதிரியின் இயந்திரத் துப்பாக்கியை ஓயவைத்தவர் அவர். அசோக சக்ரா விருது பெற்ற முதல் சிலரில் ஒருவர். அதே சாலையின் மறுபக்கத்தில், ஹைதராபாத்திலிருந்து சுமார் 135 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது சூர்யாபேட்டை. 2020 ஜூன் 15-ம் தேதி கால்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையினருடன் நடந்த மோதலில் இறந்த கர்னல் சந்தோஷ் பாபுவின் ஊர். மூன்று நாள் கழித்து ஊருக்கு அருகில் குடும்பத்துக்குச் சொந்தமான நிலத்தில் ராணுவ மரியாதையுடன் அவருக்கு எரியூட்டப்பட்டது.

72 ஆண்டு இடைவெளியில் ஒரே சாலையின் இரு பக்கத்திலும் இரண்டு வீரர்கள். இருவரின் பெயரும் ஏடுகளில் இருக்கின்றன. ஆனால் ராணுவக் கல்லறைத் தோட்டம் என்று சொல்லப்படும் எந்த இடத்திலும் இவர்களைத் தேடக் கூடாது. முதலாமவரைத் தடுப்பது தேதி. இரண்டாமவரைத் தடுக்க விதி எதுவும் தேவைப்படவில்லை. அப்படி ஓர் இடமே இந்தியாவில் இல்லை.

தேதிக் கணக்கு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்துடையது. 1917-ல் இம்பீரியல் போர்க் கல்லறை ஆணையமாகத் தொடங்கி 1960-ல் பெயர் மாறிய இந்த அமைப்புதான் சென்னை நந்தம்பாக்கத்திலும் டில்லி கன்டோன்மென்ட்டிலும் கொஹிமாவிலும் புல் வெட்டி, பூச்செடி வைத்து, ஒரே அளவு கற்களை வரிசை பிசகாமல் பராமரிக்கிறது. இதன் பதிவேட்டில் இடம்பெற ஒருவர் 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31-க்குள் இறந்திருக்க வேண்டும். அல்லது 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31-க்குள். பணியில் இருக்கும்போது இறந்தால் காரணம் குண்டா காய்ச்சலா என்று ஆணையம் கேட்பதில்லை. தேதியை மட்டும் கேட்கும். பச்சித்தர் சிங் இறந்தது அந்தக் கெடு முடிந்து எட்டரை மாதத்துக்குப் பிறகு. போரில் பங்கெடுத்துத் திரும்பி, வீட்டுத் திண்ணையில் வயதாகி இறந்த லட்சக்கணக்கான சிப்பாய்களும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

கெடுவுக்குள் இறந்து, மத வழக்கப்படி எரியூட்டப்பட்டவர்கள்? அவர்களுக்கு ஆணையம் ஒரு வழி கண்டுபிடித்தது. புதைக்கப்பட்டவனுக்குக் கல், எரிக்கப்பட்டவனுக்குச் சுவர். கொஹிமாவில் 1944-ல் ஜப்பானியப் படையைத் தடுத்து நிறுத்திய மேட்டில் இன்று 1,420 கல்லறைகள் படிப்படியாக இறங்குகின்றன. அந்த மேட்டின் உச்சியில் இருப்பது தகன நினைவுச் சின்னம். 917 இந்து, சீக்கிய வீரர்களின் பெயர்கள் அதில் உள்ளன. இம்பாலில் 868 பெயர்கள். பர்மாவில் தவுக்யான், சிங்கப்பூரில் கிராஞ்சி, இத்தாலியில் ஃபோர்லி என்று இந்தியச் சிப்பாய் போய் இறந்த திசையெல்லாம் இப்படி ஒரு சுவர் இருக்கிறது. அஸ்திக் கலசம் வைக்கும் மாடங்கள் அல்ல இவை, பெயர்களுக்கான இடங்கள். நதியில் கரைந்ததையோ காற்றில் போனதையோ யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

பெயராவது உடனே கிடைத்ததா என்றால், எல்லோருக்கும் இல்லை. முதல் உலகப் போரில் பிரான்ஸ் போர்முனையில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களில் பலர் இங்கிலாந்தின் பிரைட்டன் நகர மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அங்கே இறந்த முஸ்லிம்கள் வோகிங்கில் அடக்கம் செய்யப்பட்டார்கள். இந்துக்களும் சீக்கியர்களுமாக 53 பேருக்கு ஊருக்கு வெளியே பாட்சம் என்ற குன்றுச் சரிவில் சிதை மூட்டினார்கள். சாம்பல் கடலில் தூவப்பட்டது. சிதை எரிந்த இடத்தில் வெள்ளைப் பளிங்கில் எழுப்பப்பட்ட 'சத்ரி'யை 1921 பிப்ரவரி 1-ம் தேதி வேல்ஸ் இளவரசர் திறந்துவைத்தார். கட்டடம் அழகு. மன்னருக்காக உயிர்விட்ட இந்தியர்களைப் பற்றிய வாசகமும் உண்டு. அந்த இந்தியர்கள் யார் யார் என்பது மட்டும் அதில் இல்லை. 53 பேரின் பெயர்களைத் தாங்கிய கல் பக்கத்தில் வைக்கப்பட்டது 2010 செப்டம்பரில். இடையில் 89 ஆண்டுகள்.

ஈராக்கின் பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் இன்னும் மோசம். 1929-ல் திறக்கப்பட்ட அந்தச் சின்னத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் உண்டு, இந்திய அதிகாரிக்கும் உண்டு. இந்தியச் சிப்பாய்க்கு எண்ணிக்கைதான்: இந்தப் படைப்பிரிவில் இத்தனை பேர் என்று. எல்லோரும் சமம் என்பதை அடிப்படைக் கொள்கையாக அறிவித்த ஆணையம் செய்த காரியம் இது. 2021 ஏப்ரலில் ஆணையம் நியமித்த குழுவே இதை ஒப்புக்கொண்டது. முதல் உலகப் போரில் இறந்த ஆப்பிரிக்க, ஆசிய வீரர்கள் 45,000 முதல் 54,000 பேர் மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேர் பெயர் சொல்லியோ, சிலர் எந்த வகையிலுமோ நினைவுகூரப்படவில்லை. குழுவின் அறிக்கை சொல்லும் கணக்கு இது. ஆணையம் மன்னிப்புக் கேட்டது.

சாம்பலையே வைக்க இடம் கொடுக்கும் நாட்டிலும் தகராறு இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் அர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டம் 1864-ல் தொடங்கியது. நிலம் சுருங்கச் சுருங்க விதிகள் இறுகின. இன்று அங்கே மண்ணில் இடம் கிடைக்க, முழுப் பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றவராகவோ, போரில் காயம்பட்டதற்கான பர்ப்பிள் ஹார்ட் போன்ற பதக்கம் பெற்றவராகவோ இருக்க வேண்டும். ஆனால் 1980-ல் அஸ்தி மாடங்கள் கட்டப்பட்டபோது அவற்றுக்கு விதி தளர்த்தப்பட்டது. ராணுவத்தில் பணியாற்றி நல்ல பெயரோடு வெளியே வந்திருந்தால் போதும். ஒரு கலசம் எவ்வளவு இடத்தை அடைத்துவிடப்போகிறது!

அந்த ஒரு கலசத்துக்காகத்தான் எலைன் ஹார்மன் குடும்பம் ஒன்றரை ஆண்டு போராடியது. இரண்டாம் உலகப் போரின்போது ஆண் விமானிகளைப் போர்முனைக்கு அனுப்புவதற்காக, உள்நாட்டில் ராணுவ விமானங்களை ஓட்டப் பெண்களைச் சேர்த்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் தேறினார்கள். 'வாஸ்ப்' என்று அழைக்கப்பட்ட அந்தப் படையில் 38 பேர் பணியில் இறந்தார்கள். ஆனால் தாள்களில் அவர்கள் சிவிலியன்கள். இறந்தவர் உடலை ஊருக்கு அனுப்பத் தோழிகள் காசு வசூல் செய்ய வேண்டியிருந்தது. சவப்பெட்டிக்குத் தேசியக் கொடி கிடையாது. 1977-ல்தான் சட்டம் போட்டு அவர்களை முன்னாள் ராணுவத்தினராக ஏற்றார்கள். 2002 முதல் அர்லிங்டனில் அவர்கள் அஸ்திக்கு மாடம் கிடைத்தது.

2015-ல் ராணுவ இலாகா செயலர் ஜான் மெக்ஹ்யூ அதை ரத்து செய்தார். 1977-ன் சட்டம் தருவது முன்னாள் ராணுவத்தினர் நலத் துறையின் சலுகைகளை மட்டுமே, அர்லிங்டனோ ராணுவத்தின் பொறுப்பில் இருப்பது, 2002-ல் அனுமதி கொடுத்ததே அதிகார வரம்பு மீறல் என்று சட்ட வல்லுநர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். அதே ஏப்ரலில் ஹார்மன் 95 வயதில் காலமானார். அர்லிங்டனில் தன் அஸ்தி வைக்கப்பட வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். குடும்பம் அஸ்தியை வீட்டு அலமாரியில் வைத்துக்கொண்டு காத்திருந்தது. பேத்திகள் மனு எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள், எம்.பி.க்களின் கதவைத் தட்டினார்கள். தானே போர் விமானியாக இருந்த மார்த்தா மெக்சாலி மசோதா கொண்டுவந்தார். 2016 மே மாதம் ஒபாமா கையெழுத்திட்டார். செப்டம்பர் 7-ம் தேதி ஹார்மனின் கலசம் ராணுவ மரியாதையுடன் அர்லிங்டனில் வைக்கப்பட்டது.

ஹவாயில் பேர்ல் ஹார்பரில் விதி இன்னும் குறுகல். 1941 டிசம்பர் 7-ம் தேதி மூழ்கிய அரிசோனா கப்பலுக்குள் அஸ்தி வைக்க, அன்றைய தேதியில் அந்தக் கப்பலின் பணியாளர் பட்டியலில் பெயர் இருந்திருக்க வேண்டும். 1,177 பேர் இறந்த கப்பல் அது. பிழைத்தவர்களில் 44 பேர் பின்னாளில் சாம்பலாகத் தங்கள் சகாக்களிடம் திரும்பினார்கள். முக்குளிப்பவர்கள் கலசத்தை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிப் பீரங்கிமேடை ஒன்றின் அடிப்பகுதியில் வைத்துவிட்டு வருவார்கள். கடைசிக் கலசம் இறங்கியது 2019-ல்.

இந்தியாவில் இப்படி ஒரு கோரிக்கை எழவே இல்லை. எழாததற்கு நியாயமான காரணம் உண்டு. அஸ்தியைச் சேர்த்துவைப்பது வழக்கமில்லை. சிதை ஆறியதும் எலும்பைப் பொறுக்கிப் பால் தெளித்து, தெலங்கானாவில் கோதாவரிக்கோ கிருஷ்ணாவுக்கோ, தமிழ்நாட்டில் பவானி கூடுதுறைக்கோ ராமேஸ்வரத்துக்கோ கொண்டுபோய்க் கரைத்தால்தான் மகனுக்குக் கடன் தீரும். மாடத்தில் வைத்துப் பூட்டினால் கடன் தீராது. ஆகவே அரசின் பங்கு சிதையோடு முடிகிறது. துப்பாக்கிகள் வானத்தை நோக்கி முழங்கும், ஊதுகொம்பு ஒலிக்கும், மடித்த கொடியை அதிகாரி குடும்பத்தின் கையில் கொடுப்பார். அதன் பிறகு குடும்பத்துக்கும் ராணுவத்துக்கும் இடையே ஓடுவது காகிதங்கள்தான்: ரெக்கார்டு ஆபீஸ், சைனிக் போர்டு, குடும்ப ஓய்வூதியம்.

அந்தக் கொடியும் பெட்டியும்கூட இவ்வளவு வழக்கமானது 1999 கார்கில் போரிலிருந்துதான். அதற்கு முந்தைய போர்களில் பெரும்பாலோருக்குப் போர்முனையிலேயே சகாக்கள் கொள்ளி வைத்தார்கள். 1962 நவம்பர் 18-ம் தேதி லடாக்கின் ரெசாங் லா கணவாயில் 13-வது குமாவோன் பட்டாலியனின் சார்லி கம்பெனியில் 120 பேரில் 114 பேர் மடிந்தார்கள். அவர்களின் உடல்கள் பனியில் உறைந்து கிடப்பதைக் கண்டது அடுத்த ஆண்டு பிப்ரவரியில். கம்பெனித் தலைவர் மேஜர் ஷைத்தான் சிங்கின் உடல் ஜோத்பூருக்குப் போனது. மற்றவர்களுக்கு சுஷூலில் ஒன்றாகச் சிதை. இன்று அங்கே நினைவகம் நிற்கிறது. 1984-ல் சியாச்சின் பனிச்சரிவில் மறைந்த லான்ஸ் நாயக் சந்திரசேகர் ஹர்போலாவின் எச்சங்கள் கிடைத்தது 38 ஆண்டு கழித்து, 2022 ஆகஸ்டில். ஹல்த்வானியில் தகனம் நடந்தது. காத்திருந்த குடும்பத்துக்கு அன்றுதான் அஸ்தி என்று ஒன்று கைக்கு வந்தது.

டில்லி கன்டோன்மென்ட்டின் பிரார் சதுக்கத்தில் இந்த இரண்டு உலகங்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. அங்கேயே ராணுவத்தினருக்கான தகன மைதானம். 2021 டிசம்பரில் ஜெனரல் விபின் ராவத்துக்கு எரியூட்டப்பட்ட இடம். அதன் அருகிலேயே ஆணையத்தின் டில்லி போர்க் கல்லறை. ஒன்றில் கல் நிலைத்திருக்கிறது, மற்றதில் மறுநாள் காலையில் இடம் காலியாகிவிடுகிறது. சுதந்திர இந்தியாவின் வீரர்களுக்குப் பெயர் பொறிக்கப் பொது இடம் கிடைத்ததே 2019 பிப்ரவரி 25-ம் தேதி, இந்தியா கேட் அருகே தேசியப் போர் நினைவுச் சின்னம் திறக்கப்பட்டபோதுதான். 25,000-க்கு மேற்பட்ட பெயர்கள், ஒருவருக்கு ஒரு கல். அஸ்தி கிடையாது. கொஹிமா முறையே இங்கும்.

தமிழனுக்கு இந்த முறை புதிதல்ல. மன்னன் இறந்தால் அவன் நினைவாகப் பள்ளிப்படைக் கோயில். மேல்பாடியில் ராஜராஜன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு எடுத்தது அப்படி ஒன்று. சாதாரண வீரனுக்கு நடுகல். ஆநிரை மீட்கப் போய் அம்புபட்டு விழுந்தவனின் பெயரைக் கல்லில் வெட்டி, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்தும் சடங்கைத் துறை துறையாகத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. கல்லுக்குக் கீழே எலும்போ சாம்பலோ இருந்தாக வேண்டும் என்பதில்லை. 2006-ல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ்-பிராமி எழுத்துள்ள கற்கள் இந்த வழக்கத்தின் வயதை இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் தள்ளிவிட்டன. அங்கும் தகுதி உண்டு. படுக்கையில் இறந்தவனுக்குக் கல் கிடையாது.

தகுதி என்ற சொல் தமிழர்களை மிகக் கடுமையாகச் சுட்ட இடம் தாய்லாந்தின் காஞ்சனாபுரி. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில் பாதை போட்ட இடம். வேலை செய்தவர்கள் இரண்டு வகை: பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க் கைதிகள் ஒரு பக்கம், மலேயாத் தோட்டங்களிலிருந்து பிடித்து வரப்பட்ட தமிழர்களும் பர்மியர்களும் பிற ஆசியர்களும் மறுபக்கம். கைதிகளில் சுமார் 13,000 பேர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் 80,000 முதல் ஒரு லட்சம் பேர் வரை இறந்ததாக மதிப்பிடப்படுகிறது.

1943 மே, ஜூன் மாதங்களில் காலரா பரவியது. காலராவுக்குப் பாதிரியாரும் தெரியாது, மதமும் தெரியாது. கிறிஸ்தவக் கைதிகளின் உடல்களையும் எரித்தே ஆக வேண்டியிருந்தது. அப்படி எரிக்கப்பட்டவர்களில் பெரும்பாலும் நீக்கே முகாமைச் சேர்ந்த சுமார் 300 பேரின் சாம்பல், இன்று காஞ்சனாபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் இரண்டு குழிகளில் இருக்கிறது. அவர்களின் பெயர்கள் அங்குள்ள மண்டபத்தின் பலகைகளில் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எரிந்த உடலின் சாம்பலையே ராணுவக் கல்லறைக்குள் வைத்து, ஆள் ஆளாகப் பெயரும் எழுதிய இடம் இது. செய்ய முடியாத காரியம் இல்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

அதே காலரா தமிழர்களின் கொட்டகைகளிலும் புகுந்தது. அங்கும் உடல்களைக் குவித்து எரித்தார்கள், அல்லது குழியில் தள்ளினார்கள். அவர்கள் எந்த ராணுவத்தின் சம்பளப் பதிவேட்டிலும் இல்லை. கூலிகள். அதனால் ஆணையத்தின் விதி அவர்களைத் தொடவில்லை. பெயர் எழுதி வைத்துக்கொள்ளவும் ஆள் இல்லை. கைதிகளின் முகாமில் அதிகாரிகள் இருந்தார்கள், ஒளித்து வைத்த காகிதங்களில் யார், எந்தத் தேதி, எங்கே என்று குறித்தார்கள். கூலிக் கொட்டகையில் எழுதத் தெரிந்தவனும் அடுத்த வாரம் செத்துக்கொண்டிருந்தான்.

காஞ்சனாபுரியில் தவோர்ன் விகாரை என்ற பௌத்தக் கோயில் இருக்கிறது. பெயர் தெரியாத ரயில் பாதைத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து வைத்த நினைவிடம் அங்கே ஏற்கெனவே உண்டு. 2023-ல் தாய்லாந்துத் தமிழர்கள், தமிழ்நாடு அரசின் உதவியுடன், அந்த விகாரையில் ஒரு நடுகல் நட்டார்கள். கைதிகளின் சாம்பலைத் தாங்கிய இரண்டு குழிகளும் இந்த நடுகல்லும் ஒரே ஊரில்தான் இருக்கின்றன. குழிகளுக்கு 300 பெயர்கள் உண்டு. நடுகல் இறந்த தமிழர்கள் அனைவருக்குமாக ஒன்று.